பிடியரிசியும் கைப்பேசியும்

கொடுக்கும் மனம் வேறு; கொடுக்கும் வழி வேறு. மனம் இருந்தும் வழி காணாமையாற் கொடாது போனவர் உலகிற் பலர். அவர்களை உலோபிகள் என்று பழித்தல் எளிது. அவர்கள் வந்து நின்ற வாயில் திறந்திருந்ததோ அடைத்திருந்ததோ என்று ஆராய்பவர் அரியர். அறநிலையம் நடத்துவோர்க்குக் கடமை இரண்டு உண்டு. பெற்ற பொருளைத் தக்கார்க்குச் செலவிடுதல் ஒன்று. தர விரும்புவோர் எளிதில் தருமாறு வாயில் அமைத்தல் மற்றொன்று. முன்னதைப் பற்றி நூல்கள் பல பேசும். பின்னதைப் பற்றிச் சிறிது பேசுதலே இக்கட்டுரையின் நோக்கம். இக்காலத்தில் அவ்வாயில் பெரும்பாலும் ஒரு கைப்பேசியின் திரையளவே ஆதலின், அத்திரையை எங்ஙனம் திருத்தியமைத்தல் வேண்டும் என்பதை, வடசென்னையில் யாம் நேரிற் கண்ட ஒன்றைக்கொண்டு விளக்குவாம்.

பண்டை வாயில்

இக்கலை நம் நாட்டார்க்குப் புதியதன்று. பிடியரிசி என்னும் வழக்கத்தை நோக்குக. அரிசிப் பானைக்கு அருகே ஒரு சிறு கலயம் இருக்கும். உலைக்கு அரிசி களையுமுன், இல்லாள் அதிலிருந்து ஒரு பிடி அள்ளிக் கலயத்தில் இடுவாள். வாரத்திற்கு ஒருமுறையோ திங்களுக்கு ஒருமுறையோ ஒருவர் வந்து அதனைத் திரட்டிச் செல்வார். தென்னாட்டுத் திருச்சபைகளிற் பெண்மக்கள் இவ்வாறு சேர்த்த அரிசி ஊழியத்திற்கு உதவியதை நம்மிற் பலர் தம் பாட்டிமார் வாயிலாகக் கேட்டிருப்பர். விருதுநகரில் க்ஷத்திரிய வித்தியாசாலை ஊரார் அளித்த பிடியரிசியின் துணையால் நடைபெற்றது. பின்னாளில் முதலமைச்சராகி, பள்ளிப் பிள்ளைகளுக்கு நண்பகலுணவு அளித்த காமராசர் அப்பள்ளியிற் பயின்றவரே.

இவ்வழக்கம் தழைத்ததற்குக் காரணம் மூன்று கூறலாம். முதலாவது, இடம்: கலயம் கொடுப்பவள் கைக்கெட்டும் தொலைவிலேயே இருந்தது. இரண்டாவது, காலம்: கையில் அரிசி இருக்கும் வேளையிலேயே கொடை நிகழ்ந்தது. மூன்றாவது, அளவு: ஒரு பிடி என்பது எவர்க்கும் இயல்வது, அதனைக் கொடுக்க நாணவும் வேண்டா, கொடுத்ததற்காகச் செருக்கவும் வேண்டா. காணிக்கைப் பெட்டியில் இரண்டு சிறு காசு இட்ட ஏழைக் கைம்பெண்ணை நம் ஆண்டவர் புகழ்ந்ததை நாம் அடிக்கடி நினைக்கின்றோம். அப்பெட்டி அவள் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது என்பதையும், இரண்டு காசை அது மறுக்கவில்லை என்பதையும் உடன் நினைத்தல் நன்று.

வடசென்னைக்கும் இவ்வகை வரலாறு உண்டு. ஐதரலியின் படையெடுப்பை ஒட்டி நேர்ந்த பஞ்சத்தில், 1782-ஆம் ஆண்டளவிற் பசித்தோர்க்குக் கஞ்சி வார்க்கத் தோன்றியது மணியக்காரர் சத்திரம். அதனைச் சார்ந்து எழுந்த மருத்துவச்சாலையே வளர்ந்து இன்று ஸ்டான்லி மருத்துவமனையாக நிற்கின்றது. முதியோர் அதனைக் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே வழங்குவர். இராயபுரத்துப் புனித இராயப்பர் ஆலயமோ, சென்னைக்குத் துறைமுகம் அமையாத அந்நாளில், அலைகடந்து கப்பற் சரக்கைக் கரைசேர்த்த படகோட்டிகளின் முயற்சியால் எழுந்தது. உழைப்பவர் சிறுகச் சிறுக ஈந்து பெரியதொன்றை நிறுவுதல் இக்கடற்கரைக்குப் பழக்கமானதே.

இன்றைய வாயில்

இன்று காசிமேட்டு மீன்சந்தைக்குச் சென்று பாருங்கள். கூடைக்கு அருகே சதுரக் கட்டங்கள் அச்சிட்ட கியூ.ஆர். அட்டை ஒன்று இருக்கும். பணம் வந்து சேர்ந்ததை உரக்கக் கூறும் சிறு பெட்டியொன்றும் இருக்கும். 2016-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த யு.பி.ஐ. என்னும் முறை இத்தகைய மாறுதலைச் செய்தது. ஒரு வங்கிக் கணக்கிலிருந்து மற்றொன்றிற்குப் பத்து ரூபாயையும் நொடிப்பொழுதில் அனுப்பலாம். 2020-ஆம் ஆண்டு சனவரி முதல் இம்முறைக்கு வணிகர்க் கட்டணம் நீக்கப்பட்டமையால், சிறு தொகையும் வழியிற் சிதையாமற் சேர்கின்றது. ஆகவே, ஒரு பிடி அரிசிக்கு நிகரான கொடை மீண்டும் இயல்வதாயிற்று. கலயம் அடுப்பங்கரையை விட்டுக் கைக்குள்ளேயே வந்துவிட்டது என்னலாம்.

ஆயினும், கலயம் வந்தும் மூடி திறந்தபாடில்லை. திருவொற்றியூர்ப் பக்கத்தே மீனவர் குடியிருப்பொன்றில் ஒரு சிறு சங்கம் இருக்கின்றது. மாலைப்பள்ளி ஒன்றும், துணையற்ற முதியோர்க்கு நண்பகலுணவும் அவர்கள் நடத்துகின்றனர். பெயர் வேண்டா என்பது அவர்கள் விருப்பம். அவர்களது இணையப் பக்கத்தைத் திருத்தியமைக்க எம் கல்லூரி மாணவர் நால்வர் சென்றோம். ஏனைய மூவரும் கணிப்பொறி கற்பவர். தமிழ் கற்பவனாகிய யான் சொற்களைப் பார்த்துக்கொள்ள உடன் சென்றேன்.

யாம் கண்ட பழைய பக்கம் மேசைக் கணிப்பொறிக்கென்று அமைக்கப்பட்டது. கைப்பேசியில் அது எறும்பெழுத்தாய்ச் சுருங்கிற்று. முகப்பில் ஆண்டுவிழாப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் நகர்ந்தன. அவை வந்து முடிவதற்குள் ஒரு கோப்பைத் தேநீர் ஆறிவிடும். நன்கொடைக்குரிய இடமோ, மூலையிலுள்ள மூன்று கோடுகளைத் தொட்டு, அதனுள் வேறொன்றைத் தொட்டு, அங்கும் அடிவரை சென்றாலன்றித் தோன்றாது. அதனை அடைந்தால் பதினான்கு கட்டங்கள் நிரப்பவேண்டிய படிவம் ஒன்று, அத்தனையும் ஆங்கிலம்.

எங்கள் தெருவில் மீன் விற்கும் அம்மையார் ஒருவரிடம் அப்பக்கத்தைத் திறந்து கொடுத்து, இருபது ரூபாய் அனுப்பிப் பார்க்கும்படி வேண்டினேன். நாளெல்லாம் கைப்பேசியிற் பணம் வாங்கியும் கொடுத்தும் பழகியவர் அவர். தந்தை பெயர், பிறந்த நாள், பான் எண் என்று படித்துச் சொல்லக் கேட்டவர், கைப்பேசியை என்னிடமே நீட்டி, “இன்னா தம்பி, குடுக்கறதுக்கே இவ்ளோ கேக்கறாங்க! நான் இன்னா லோனா வாங்கப் போறேன்?” என்றார். எங்கள் திருத்தப் பணிக்கு அந்த ஒரு வினாவே முதனூலாயிற்று.

திருத்திய முறை

முதலிற் செய்யத்தக்கது வாயிலைக் கண்ணுக்குப் புலப்படுத்தல். இத்துறையிற் பெயர்பெற்ற யேக்கப் நீல்சன் என்பார் 2009-ஆம் ஆண்டில் அறநிலையங்களின் இணையதளங்களை ஆராய்ந்து வெளியிட்ட முடிபு வியப்பைத் தருவது. 100-க்கு 17 தளங்களில், கொடுக்க வந்தவர் கொடுக்கும் இடத்தையே கண்டிலர். இவ்வமைப்பின் நோக்கம் யாது, என் பணம் எதற்குச் செலவாகும் என்னும் இரண்டையுமே கொடையாளர் முதலில் அறிய விரும்பினர். இரண்டாவது வினாவிற்கு முகப்பிலேயே விடை தந்த தளங்கள் 100-க்கு 4 மட்டுமே. ஆதலின், யாம் நகரும் படங்களை எடுத்துவிட்டு, முகப்பில் மூன்று வரிகள் மட்டும் அமைத்தோம்: சங்கம் யார், யார்க்கு உணவும் கல்வியும் தருகின்றது, சென்ற திங்களில் வந்ததும் செலவானதும் எவ்வளவு. அவற்றின் கீழே, கைப்பேசியை ஒரு கையாற் பிடித்தவர் கட்டைவிரல் இயல்பாய்ச் சேரும் இடத்தில், நன்கொடைப் பொத்தான் நிற்கின்றது. பக்கத்தை எவ்வளவு மேலும் கீழும் நகர்த்தினும் அஃது இடம் பெயராது.

இரண்டாவது, படிவத்தைச் சுருக்கல். பதினான்கு கட்டங்களுள் எவை வேண்டுவன என்று ஒவ்வொன்றாய் வினவினோம். பெயரும் முகவரியும் வேண்டும். ஏனெனின், கொடுத்தவர் இன்னார் என்னும் குறிப்பில்லாக் கொடைகள் ஓரளவைக் கடந்தால் அவற்றிற்கு அறநிலையம் வரி செலுத்த நேரும். பற்றுச்சீட்டு அனுப்பத் தொலைபேசி எண் வேண்டும். பான் எண்ணோ, வருமானவரிச் சலுகை பெற விரும்புவோர்க்கு மட்டுமே தேவை. புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்க்கு அச்சலுகை இல்லை. வரி செலுத்தும் அளவு வருவாய் இல்லாத மீன்காரிக்கு அதனாற் பயனுமில்லை. ஒரு சிலர்க்கு வேண்டுவதை எல்லாரிடமும் கேட்டலே அடைத்த கதவு. அவ்வினாவைப் பணம் செலுத்தியபின் வைத்து, விரும்பினாலன்றி விடைதர வேண்டுவதில்லை என்றும் தெளிவாய் எழுதினோம். எஞ்சியவை தொகை, பெயர், முகவரி, தொலைபேசி எண் என்னும் நான்கே. எண் எழுதும் கட்டத்தைத் தொட்டால் எண்பலகையே தோன்றுமாறு அமைத்தல் ஒரு சிறு செயல். அதுவும் தடுமாற்றத்தைப் பாதி குறைக்கும்.

மூன்றாவது, யாம் எதிர்பாராத ஒரு பிழை. பழைய பக்கத்தில் சங்கத்தின் கியூ.ஆர். குறி பெரிதாய் அச்சிட்டிருந்தது. சுவரில் ஒட்டிய குறியைக் கைப்பேசியாற் படம்பிடித்துப் பணம் செலுத்துகின்றோம். ஆனால், அக்குறி கைப்பேசியின் திரையிலேயே இருப்பின், அதனை அக்கைப்பேசி எவ்வாறு படம்பிடிக்கும்? தன் கண்ணைத் தானே காணுமாறு கேட்டல் போன்றது அது. படத்தைச் சேமித்துப் பணச் செயலிக்குள் திறத்தல் அறிந்தார்க்கு இயலும். ஏனையோர் அங்கேயே திரும்பிவிடுவர். அதற்கு மாறாக, பொத்தானைத் தொட்டவுடன் பணச் செயலி தானே திறந்து, சங்கத்தின் பெயரும் தொகையும் நிரம்பி நிற்குமாறு இணைப்புத் தருதல் வேண்டும். அவ்விணைப்புக்குப் பொருளாளரின் தனிக்கணக்கைப் பயன்படுத்துதல் தகாது. சங்கத்தின் பெயரிலேயே வணிகர்க்குரிய யு.பி.ஐ. கணக்கு வங்கியிற் பெறுதல் வேண்டும். தனியாள் கணக்கிற்குச் செல்லும் இத்தகைய இணைப்பைச் சில செயலிகள் ஏலா. குறியை ஆலய வாசலிலும் தேநீர்க் கடையிலும் ஒட்டுக. திரையிற் பொத்தானை வைக்க என்பதே சுருக்கம்.

நான்காவது, கண்ணும் வெளிச்சமும். கடற்கரை வெயிலிற் சாம்பல் நிற எழுத்தை எவரும் படியார். எழுத்தின் ஒளிக்கும் பின்புலத்தின் ஒளிக்கும் 4.5-க்கு 1 என்னும் வேறுபாடேனும் இருத்தல் வேண்டும் என்று உலக வலைத்தளத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு நெறி கூறியுள்ளது. பொத்தான்களை, ஈரக்கையும் காய்த்த விரலும் பிழையின்றித் தொடுமாறு, அகலமாக இடைவெளியிட்டு அமைத்தோம். படத்தில் அடைபட்டிருந்த தமிழ் வரிகளை யூனிக்கோடு எழுத்தாக மாற்றினோம். படத்திலுள்ள எழுத்தைப் பார்வையற்றோர்க்கு வாசித்துக் காட்டும் செயலி அறியாது, எழுத்தாய் இருப்பின் அறியும். படங்களுள் இரண்டை மட்டும் நிறுத்தி, அவற்றின் எடையையும் குறைத்தோம்.

ஐந்தாவது, சொல். இஃது என் பங்கு. பழைய பக்கத்தை யாரோ ஒருகால் தமிழாக்க முயன்று, ஒரேயொரு பொத்தானோடு நிறுத்தியிருந்தனர். அதில் ‘சமர்ப்பிக்கவும்’ என்றிருந்தது. தமிழ் கற்கும் எனக்கே அதனைத் தொட்டால் யாது நிகழும் என்று விளங்கவில்லை. பணம் உடனே போய்விடுமோ, இன்னும் ஒரு படி உளதோ என்னும் ஐயமே பலரைத் தடுக்கும். ‘ரூபாய் 20 கொடுக்க’ என்று எழுதினோம். தொகையை மாற்றினாற் பொத்தானிலுள்ள எண்ணும் மாறும். ‘தொகையை உள்ளிடுக’ என்பது ‘எவ்வளவு கொடுக்க விரும்புகின்றீர்கள்?’ என்றாயிற்று. எளிய சொல்லைத் தேடுதல் கடிய சொல்லைத் தேடுதலினும் அரிது என்பதை அன்று உணர்ந்தேன்.

ஆறாவது, நம்பிக்கை. போலிக் குறிகளாலும் போலிப் பக்கங்களாலும் ஏமாந்தோர் எங்கும் உளர். ஆகவே, பணம் செலுத்துமுன் செயலியில் தோன்றும் பெயர் இன்னதாயிருக்கும் என்று பக்கத்திலேயே அறிவித்தோம். வேறு பெயர் தோன்றினாற் செலுத்தற்க என்றும் எழுதினோம். பணம் பெறுவதற்குப் பின் எண் வேண்டுவதில்லை, கொடுப்பதற்கே வேண்டும் என்னும் எச்சரிக்கையும் சேர்த்தோம். கொடை சேர்ந்தவுடன் பற்றுச்சீட்டு கைப்பேசிக்கே சென்றுவிடும்.

கடல் கடந்த நண்பர்கட்கும் ஒரு சொல். வெளிநாட்டிற் பணிபுரியினும் இந்தியக் குடியுரிமை உடையவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தருவது அயல்நாட்டு நன்கொடை ஆகாது. வேற்றுநாட்டுக் குடிமகனாகிவிட்டவர், தமிழரேயாயினும், தருவது அயல்நாட்டு நன்கொடையே. அதனைப் பெற 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அறநிலையம் இசைவு பெற்றிருத்தல் வேண்டும். 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அப்பணம் புதுதில்லியிலுள்ள ஸ்டேட் வங்கியின் தலைமைக் கிளைக் கணக்கிலேயே முதலிற் சேர்தல் வேண்டும். எம் சங்கத்திற்கு அவ்விசைவு இல்லை. ஆதலின், அதனையும் மறையாது பக்கத்தில் எழுதிவைத்தோம்.

எளிமையும் ஏமாற்றும்

வாயிலை எளிதாக்குதல் வேறு. வந்தவரை உள்ளே தள்ளிக் கதவடைத்தல் வேறு. திங்கள்தோறும் பிடித்துக்கொள்க என்னும் கட்டத்தில் முன்னதாகவே குறியிட்டு வைத்தல், பொருள் வாங்குபவர் அறியாமற் கணக்கில் நன்கொடையைச் சேர்த்தல், கொடாதவர் நாணுமாறு ‘பசித்த குழந்தையைக் கைவிடுகின்றேன்’ என்று மறுப்புப் பொத்தானில் எழுதுதல் முதலியன வழக்கத்தில் உள்ளன. 2023-ஆம் ஆண்டு நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இத்தகைய சூழ்ச்சி அமைப்புகள் 13-ஐப் பெயரிட்டுத் தடுத்து நெறிமுறை வெளியிட்டது. கேளாமற் சேர்க்கும் நன்கொடையும், நாணச்செய்து இசைவிக்கும் சொல்லும் அவற்றுள் அடங்கும். சட்டம் தடாவிடினும் அறம் தடுக்கும். பிடியரிசிக் கலயம் எவளையும் ‘ஏன் இன்று இடவில்லை?’ என்று கேட்டதில்லை. அதனாற்றான் மறுநாளும் அதில் அரிசி விழுந்தது.

இது யாருடைய அறம்?

இத்துணைத் தொல்லைப்பட்டு இருபது ரூபாய்க்கு வழி செய்தல் எதற்கு, பெருஞ்செல்வர் ஒருவரை அணுகினால் ஓராண்டுச் செலவும் ஒரே நாளிற் கிட்டுமே என்று சிலர் கேட்டனர். சங்கத்தாருள்ளும் சிலர்க்கு அவ்வெண்ணம் இருந்தது. வினா தக்கதே. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், குறித்த அளவிற்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் மூவாண்டு நிகர இலாபச் சராசரியில் 100-க்கு 2 பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்றும், தாம் இயங்கும் வட்டாரத்திற்கு முதன்மை தருக என்றும் விதிக்கின்றது. திருவொற்றியூர் முதல் எண்ணூர் வரை ஆலைகளுக்குக் குறைவில்லை. அவை தரும் பொருளாற் பள்ளியும் மருத்துவமும் நடைபெறுதல் நன்றே. அதனைப் பழித்தல் எம் கருத்தன்று.

ஆயின், 2023-ஆம் ஆண்டு திசம்பரை நினைவு கூர்க. மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கலந்து கொசத்தலையாற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் பரவிற்று. படகும் வலையும் கறுத்தன. மீனவர் பிழைப்பு நின்றது. அத்திங்களின் இறுதியிலேயே, கடலடிக் குழாயொன்றிலிருந்து அம்மோனியா கசிந்து, நள்ளிரவில் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓட நேர்ந்தது. இத்தகைய நாளில் ஊர்ச்சங்கம் இருவகைப் பணி செய்தல் வேண்டும். சோறு வடித்தல் ஒன்று; நேர்ந்ததை நேர்ந்தவாறு எடுத்துரைத்தல் மற்றொன்று. ஒரே கையிலிருந்து முழுப்பொருளையும் பெறும் சங்கம், முதற்பணியைச் செய்யும். இரண்டாவதைச் செய்யுமுன் அக்கையை ஒருமுறை நோக்கும். நோக்குமாறு எவரும் கட்டளையிட வேண்டுவதில்லை. நோக்குதல் மனித இயல்பு.

பெருங்கை ஒன்றே கொடுப்பின் அஃது அக்கையின் அறம். சிறுகைகள் பல கூடிக் கொடுப்பின் அஃது ஊரின் அறம். திருவள்ளுவர் ஒப்புரவறிதலை ஈகைக்கு முன் வைத்த முறையும் இங்கு நினையத்தக்கது. ஊரோடு ஒத்து வாழ்தல் முன்னது. இரப்பார்க்கு ஈதல் பின்னது. சிறு கொடைக்கு வாயில் அமைத்தல் வெறும் பொருளீட்டும் உபாயமன்று. சங்கத்தை ஊராரின் உடைமையாகவே நிறுத்துதற்கு அது வழி. பதினான்கு கட்டப் படிவம் இருபது ரூபாயை மட்டும் திருப்பியனுப்பவில்லை; அதனைக் கொண்டுவந்தவளையும் சங்கத்திற்கு வெளியே நிறுத்திற்று.

முடிவுரை

புதிய பக்கத்தை வெளியிடுமுன் ஐவரைக்கொண்டு சோதித்தோம். ஐவரே போதும், பெரும்பாலான பிழைகள் அவர்களிடமே வெளிப்பட்டுவிடும் என்பது 2000-ஆம் ஆண்டில் மேற்கூறிய நீல்சன் எழுதியது. துறைமுகக் கூலியாள் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், ஆட்டோ ஓட்டுநர் ஒருவர், பார்வையற்ற மாணவர் ஒருவர், ஐந்தாவதாக அம்மீன்கார அம்மையார். யாம் ஒன்றும் விளக்காமல் அருகே நின்று, அவர்கள் எங்கே தயங்குகின்றனர் என்பதை மட்டும் குறித்துக்கொண்டோம். பார்வையற்ற நண்பர் ஒருவரே பெயரிடப்படாத பொத்தான் இரண்டைக் கண்டுபிடித்தார். கண்ணுடைய நால்வரும் அவற்றைக் கண்டிலோம்.

அம்மையார் கூடையை இறக்கிவைத்து, சேலைத் தலைப்பிற் கைதுடைத்து, இருபதைப் பத்தாக மாற்றி அனுப்பினார். பற்றுச்சீட்டு வந்த ஒலி கேட்டதும் ஒன்றும் சொல்லாமற் கூடையைத் தூக்கிக்கொண்டு சென்றுவிட்டார். அடுத்த திங்கள் தெருவில் என்னைக் கண்டபோது, “தம்பி, போன மாசக் கணக்கு இன்னும் போடலியே, என் பத்து ரூபா எங்க போச்சு?” என்று கேட்டார். அன்று மாலையே சங்கத்தார் கணக்கை வெளியிட்டனர்.

அவ்வினாவைக் கேட்கும் உரிமை ஒரு பிடி அரிசியில் உண்டு. நம் கல்லூரியைச் சூழ்ந்துள்ள ஊர்களில் இத்தகைய சிறு சங்கங்கள் பல. கணிப்பொறி கற்றவர் ஒருவரும், ஊர்ச்சொல் அறிந்தவர் ஒருவரும், பொறுமையுடையவர் ஒருவரும் சேர்ந்து சில ஞாயிறு மாலைகளைச் செலவிட்டால் இப்பணி முடியும். மாணவ நண்பர்கள் இதனை மேற்கொள்வாராக. அதற்கு ஆண்டவன் அருள் துணைநிற்பதாக.